"நாளைக்கே மீன் விடலாம்" என்று பாக்டீரியா பாட்டில் விற்கிறார்கள், உஷார்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் நடந்தது. கடைப் பெயர் வேண்டாம், அந்தப் பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டேங்க், ஃபில்டர், மெரைன் உப்பு எல்லாம் வாங்கி முடித்ததும், "சைக்கிளிங்குக்கு எவ்வளவு நாள் விடணும்ணே?" என்று கேட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளரும்வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். "அதெல்லாம் பழைய கதை சார். இந்த மருந்தை ஊத்துங்க, நாளைக்கே மீன் விடலாம்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். 900 ரூபாய். மறுநாள் ஒரு ஜோடி க்ளவுன் மீனையும் அவரே விற்றார்.

மீன் விட்ட மறுநாள் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்துவிட்டது. போன் செய்தால், "பாக்டீரியா செட் ஆகுது, பயப்படாதீங்க" என்கிறார். தண்ணீரை எடுத்துப் போய்க் காட்டினேன். ஒரு ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்றார். அந்த ஸ்ட்ரிப்பில் பிஹெச் (அமில-காரத்தன்மை அளவு), நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் உண்டு. அம்மோனியாவுக்கான கட்டமே கிடையாது! இதற்குள் இரண்டு மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து செவுள் படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நண்பரின் சொட்டு டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா குழாய் பச்சையாக நின்றது. இரண்டும் செத்துப்போயின.

அப்புறம்தான் பாட்டிலை உற்றுப் பார்த்தேன். விலை ஸ்டிக்கர் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. நகத்தால் உரித்தால், அடியில் காலாவதி தேதி. அது எப்போதோ கடந்துபோயிருந்தது. மூடியைத் திறந்தால் புளித்த வெல்லப்பாகு வாடை. இறால் பண்ணைகளில் குளத்துக்கு ஊற்றும் புரோபயாட்டிக்கை, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியாக் கலவையை, வெல்லப்பாகில்தான் பெருக்குவார்கள். அதையே சின்னப் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

நமக்குத் தேவையான பாக்டீரியா வேறு. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்றவை. இவற்றுக்குச் சர்க்கரை தேவையில்லை. கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். ஸ்போர் என்ற கெட்டியான உறை கட்டி உறங்கும் வழக்கமும் இவற்றுக்கு இல்லை. சென்னை வெயிலில் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் அவ்வளவுதான். அப்படிக் கிடந்தும் பிழைப்பது பேசில்லஸ் வகை. அது கழிவைத் தின்னும். தின்னும்போது அம்மோனியாவை வெளியேவும் விடும், ஆக்சிஜனையும் இழுக்கும். தண்ணீர் வெளுத்தது இப்படித்தான் இருக்க வேண்டும். கடல்நீரின் பிஹெச் 8.2 வாக்கில் இருப்பதால் அம்மோனியாவின் விஷமும் நன்னீரைவிட அதிகம்.

நல்ல பாட்டில்களே இல்லை என்று சொல்லவில்லை. குளிர்ச்சியில் வைத்து விற்கிறார்களா, கடல்நீருக்கானது என்று போட்டிருக்கிறதா, தேதியும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும் தெரிகிறதா என்று பாருங்கள். எதை ஊற்றினாலும் மீனை வைத்துச் சோதிக்காதீர்கள். அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், ஆய்வகத் தரத்தில் வாங்கி அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) வரும்வரை கலக்குங்கள். ஒரே நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் டேங்க் தயார். பாட்டில் இல்லாமல் விட்டாலும் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. "ஒரிஜினல் கடல் பாறை போட்டா உடனே செட் ஆகும்" என்று பவளத் துண்டுகளையும் காட்டினார். நம் கடலில் எடுத்த பவளத்தை விற்பதும் வைத்திருப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர் பேச்சை நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மீனுக்கு கேரண்டி கிடையாது, போர்டைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் கேட்டது பாட்டிலுக்கான பணத்தை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த துண்டுச் சீட்டில் 'மருந்து - 900' என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் பொருளின் பெயரோடு முறையான பில் கேட்டு வாங்குங்கள். புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.