பழைய இரும்பா, ஹைட்ரஜனா?

எஃகு செய்யும்போது வெளியேறும் கார்பனைக் குறைக்க இந்த இரண்டில் எது நல்ல வழி? நிலக்கரியைக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில் ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில், அதாவது மின்பொறியின் வெப்பத்தில், உருக்கினால் டன்னுக்கு ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரம் போதும், தொழில்நுட்பமும் கைவசம் இருக்கிறது, அதனால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். சிக்கல் செம்புதான். பழைய கார், மோட்டார் கம்பிகளோடு அது உள்ளே போய்விட்டால் உருகிய எஃகிலிருந்து எளிதில் பிரிக்க முடியாது, சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். அப்புறம், உலகத் தேவை முழுவதற்கும் பழைய இரும்பு கிடைக்காது.

சரி, ஹைட்ரஜன்? தாதுவிலுள்ள ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்ள, வெளியே வருவது நீராவி. சுவீடனின் லூலியோவில் 2021-இல் செய்தே காட்டினார்கள். ஆனால் டன்னுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை நிலக்கரியில் எடுத்தால் பலனே இல்லை.