இருதரப்பு வாதமும் இயங்கியலும்: நொய்யலை முன்வைத்து

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கும் திருப்பூர்ச் சாயப்பட்டறைச் சிக்கலைத் தொலைக்காட்சி விவாதங்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பா, வேளாண்மையா என்ற இருதரப்பு வழக்காகவே முன்வைக்கின்றன. தேர்தல் நேரத்தில் யார் எந்தப் பக்கம் என்று அறிய இந்த அணுகுமுறை போதும்.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகலிடமிருந்து பெற்று, பொருளியல் வாழ்வின் மீது மார்க்ஸ் நிறுத்திய இயங்கியலோ (முரண்பாடுகளின் வழியே மாற்றத்தை விளக்கும் முறை), முரண்பாட்டை இரு தரப்புகளுக்கு இடையில் அல்லாமல் ஒரே அமைப்பின் உள்ளேயே தேடுகிறது. பாசனத்துக்காக நொய்யலில் 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பின்னலாடை ஏற்றுமதி வளர வளரச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அந்த வளர்ச்சியே, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலைக்குத் தொழிலைக் கொண்டுவந்தது. கழிவுநீரைத் துளியும் ஆற்றில் விடாத சுத்திகரிப்பே அவை மீண்டும் இயங்குவதற்கான நிபந்தனையாயிற்று. தறியும் தோட்டமும் ஒரே குடும்பத்தில் இருப்பது அரிதல்லாத கொங்கு நாட்டுக்கு இந்தப் பார்வையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆயினும், இயங்கியலின் பெயரால், நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியது என்று எழுதிவிடும் விமர்சகர்களும் உண்டு (அவர்கள் எண்ணிக்கை குறைவன்று). அவர்களைவிட, கிணற்று நீரின் உப்பளவைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடும் உழவரின் நேர்வாதமே எனக்கு நம்பகமானது.