மாவு டப்பாவில் இருக்கட்டுமா, ஃபிரிட்ஜுக்குப் போகட்டுமா?

கோதுமை மாவை எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்: ஃபிரிட்ஜ். சென்னையில் இருக்கிறோம், இரண்டே பேர், சப்பாத்தி எப்போதாவதுதான், ஐந்து கிலோ வாங்கினால் தீர வெகுநாள் ஆகும். தினமும் சப்பாத்தி போடுகிற பெரிய குடும்பம் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், வாங்கிய மாவு கெடுவதற்குள் தீர்ந்துவிடும், டப்பாவே போதும்.

டப்பாவில் வசதி இருக்கிறது. கைக்கு எட்டும், கரண்ட் போனால் கவலையில்லை, இறுக்கமான மூடி இருந்தால் வெளியிலிருந்து வண்டும் வராது, ஈரக்காற்றும் அவ்வளவாக இறங்காது. ஆனால் மில்லிலிருந்தோ கடையிலிருந்தோ மாவோடு முட்டையாகவே வந்துவிடும் வண்டை எந்த மூடி தடுக்கும்? வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் போடுகிறார்கள். மாவுக்குள் ஏற்கெனவே கிடக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்வதில்லை. மாவை ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக் குளிரில் சாகும் என்று நம்ப முடியாது, வளராமல் கிடக்கும், அவ்வளவுதான்.

வண்டையாவது சலித்து எடுத்துவிடலாம். நான் ஃபிரிட்ஜ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சிக்கு வாடை. முழுக் கோதுமையில் தவிடும் முளையும் இருக்கின்றன, முளையில் எண்ணெய் இருக்கிறது. மணியாக இருக்கும்வரை அந்த எண்ணெய் உள்ளே பத்திரமாக அடைபட்டுக் கிடக்கும். அரைத்த நிமிடத்தில் எண்ணெயும், அதை உடைக்கிற நொதியும், காற்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு மாவு எவ்வளவு உலர்வாக இருந்தாலும் எண்ணெய் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டேதான் இருக்கும், வெயில் ஏற ஏற வேகமாக. டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் மாவுக்கு நடுவே இருக்கும் காற்றையும் சமையலறைச் சூட்டையும் வெளியேற்ற முடியாது, சித்திரை வெயிலில் அடுப்புக்கு மேல் தட்டில் இருக்கும் மாவைச் சொல்லவே வேண்டாம். குளிர்தான் இந்த வேலையை மெதுவாக்குகிறது. எண்ணெய் கெடும்போது மாவில் அமிலம் ஏறும். இந்திய உணவுத் தரச் சட்டமே ஆட்டாவில் ஆல்கஹால் அமிலத்தன்மை (மாவை ஆல்கஹாலில் ஊறவைத்து அளக்கும் அமிலம்) 0.18 சதவீதத்துக்கும், மைதாவில் 0.12 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருப்பதால் அது டப்பாவிலேயே பல மாதம் தாங்கும், ஃபிரிட்ஜில் அதற்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை.

கம்பு மாவு நேர் எதிர். கம்பில் ஏறக்குறைய 5 சதவீதம் கொழுப்பு, நொதியும் சுறுசுறுப்பானது, அரைத்த சில நாட்களிலேயே கசப்பும் வாடையும் தட்ட ஆரம்பித்துவிடும். கம்பை வாசம் வர வறுத்து ஆறவைத்து அரைத்தால் சூட்டில் நொதி அடங்கி இன்னும் சில நாள் தாங்குகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன், அதையும் ஃப்ரீசரில்தான் வைக்கிறேன். கேழ்வரகில் கொழுப்பு குறைவு, அவசரமில்லை.

ஃபிரிட்ஜிலும் ஒரு தொல்லை உண்டு. குளிர்ந்த மாவை வெளியே எடுத்த உடனே திறந்தால், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படியும், கட்டி தட்டும், திரும்ப உள்ளே வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பழகினால் பூஞ்சணத்துக்கு வழி. அதனால் ஒரு தடவைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, வாசனை புகாத சின்னச் சின்ன டப்பாக்களில் வைக்கிறேன், எடுத்ததைக் குளிர் விட்ட பிறகுதான் திறக்கிறேன், மிஞ்சினால் உள்ளே திருப்பி வைப்பதில்லை. வெங்காயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்தால் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவை இன்னும் பயன்படுத்தலாமா என்று பார்ப்பதற்கு, முதலில் கண். நிறம் மாறியிருந்தாலோ, பச்சை கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, கையால் உடைத்தால் நூலாம்படை போல இழை வந்தாலோ போட்டுவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த மாவைச் சலித்துச் சாப்பிடாதீர்கள், அதன் நஞ்சு சப்பாத்திக் கல்லின் சூட்டில் போகாது. அடுத்தது மூக்கு. ஒரு கரண்டி மாவில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள், குளிர்ந்த மாவில் மறைந்திருக்கும் எண்ணெய்ச் சிக்கு வாடை இதில் பளிச்சென்று தெரியும். நாக்கில் வைத்துப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம், 2016ல் அமெரிக்காவில் பச்சை மாவால் ஈ-கோலை பரவிப் பலர் நோயுற்றார்கள்.

ஒன்றிரண்டு வண்டு மட்டும் என்றால் சலித்துவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் வண்டு பெருகி, மாவு இளஞ்சிவப்பாகி, மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வந்துவிட்டால் அது செம்மாவு வண்டு என்கிற செம்பழுப்பு நிறச் சின்ன வண்டு விடும் சுரப்பு, சலித்துப் பயனில்லை. பாக்கெட்டில் போட்ட தேதி திறக்காத பாக்கெட்டுக்கானது என்பதால், திறந்த பிறகு அதைவிட மூக்கைத்தான் நம்புகிறேன்.

கடலை மாவை மட்டும் நான் நீண்ட நாள் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்ததில்லை, கால் கிலோ வாங்கி அவ்வப்போது பஜ்ஜிக்குத் தீர்த்துவிடுகிறோம். இடியாப்ப மாவு வறுத்து வைத்ததென்றால் டப்பாவிலேயே நன்றாக இருக்கிறது, டப்பாவைக் காலியானதும் கழுவி, மூலையில் ஒட்டிய பழைய மாவு இல்லாமல் வெயிலில் காயவைத்துத்தான் புதியதைக் கொட்ட வேண்டும்.