பழைய ஹைலக்ஸுக்கு அலோய் வீல் போடப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் போகிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. போன மாதம் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர், பிக்கப்பின் முன் இடப்பக்கச் சில்லுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். "தம்பி, இஞ்சை ஒருக்கா வா." போய்ப் பார்த்தேன். ஆறு நட்டில் ஒன்றைக் காணவில்லை. இன்னொன்றை அப்பா இரண்டு விரலால் திருப்பினார். அது திரும்பியது.

அந்தச் சில்லோடுதான் கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்திருக்கிறோம்.

வண்டி ரொயோட்டா ஹைலக்ஸ், எல்என் 106. 3எல் என்கிற வகை டீசல் எஞ்சின், முன்னுக்கும் பின்னுக்கும் வில்லுத்தகடு. அப்பா இதை 2003இல் வாங்கினார். எங்கள் தோட்டத்து வெங்காயம் சுன்னாகம் சந்தைக்குப் போனது இதில்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எத்தனையோ பேர் விலை கேட்டு வந்தார்கள், அப்பா கொடுக்கவில்லை. விற்காத வண்டியை ஒழுங்காகவே செய்து வைப்போம் என்று இரண்டு வருடமாகச் செய்தோம். சேசிஸைச் சுரண்டிப் பூசினோம், பெட்டிக்குத் தரைத்தகடு புதிதாக அடித்தோம், பெயின்ற் முழுவதையும் வழித்துப் பழைய கரும்பச்சையே அடித்தோம். மிச்சம் இருந்தது ரிம் மட்டும். பழைய 15 அங்குல இரும்பு ரிம் நான்கும் துருப்பிடித்துப் புள்ளி விழுந்திருந்தன.

கொழும்பில் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை, அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். 16 அங்குல அலோய் நான்கு, ஜப்பானில் இருந்து கழற்றி வந்த அசல் என்றார்கள், 185,000 ரூபாய். "ஹைலக்ஸ் எல்லாம் ஆறு ஓட்டை அண்ணை, எதைப் போட்டாலும் பொருந்தும்" என்றார் கடைக்காரர். அதில் பாதி உண்மை. எங்கள் எல்என் 106க்கும் இப்போது ஓடுகிற புது ஹைலக்ஸுக்கும் ஓட்டைகள் ஒரே அளவுதான். ஆறு ஓட்டை, அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீற்றர். மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அந்த மற்றப் பாதிக்குப் பெயர் ஒஃப்செற். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டுகிற அச்சு முனையில், போய் ஒட்டுகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. புது ஹைலக்ஸின் ரிம்மில் அந்த முகம் 30 மில்லிமீற்றர் அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளி இருக்கும், அதனால் சில்லு வண்டிக்கு உள்ளே போய் நிற்கும். எங்களுடையது போன்ற பழைய முன் அச்சுக்கு அது பூச்சியத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ரேரிங்கை முழுதாக வெட்டும்போது ரயரின் உட்சுவர் வில்லுத்தகட்டில் போய் உரசும். எங்களுக்கு விற்ற ரிம்மின் முதுகில் ‘ஈ.ரி. 30’ என்று பொறித்திருக்கிறது, ஒஃப்செற் 30 மில்லிமீற்றர் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது கண்ணுக்கு முன்னால் இருந்தது, அதை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பூட்டிய பையன்கள் உரசுவதைக் கண்டிருக்கிறார்கள். கண்டதும் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நானும் அப்பாவும் முன் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு அலுமினிய வளையத்தைச் செருகிச் சில்லை வெளியே தள்ளிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஸ்பேசர் என்பார்கள். 15 மில்லிமீற்றர் தடிப்பு. ஹப்பிலிருந்து வரும் ஸ்ரட், அதாவது நட்டு ஏறுகிற புரி வெட்டிய கம்பி, அதே நீளம்தானே? வளையம் 15 மில்லிமீற்றரைத் தின்றுவிட்டால், நட்டுக்கு மிஞ்சுகிற புரி எவ்வளவு?

முறிகண்டியில் எண்ணிப் பார்த்தேன். மிஞ்சியிருந்த நட்டு ஒன்றைச் சாவியால் தளர்த்தி, பிறகு விரலால் கழற்றினேன். நாலு சுற்று. நாலாவது சுற்றில் நட்டு கையில் விழுந்தது. எங்கள் ஸ்ரட் 12 மில்லிமீற்றர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர். ஸ்ரட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்காவது நட்டு ஏற வேண்டும், அதாவது எட்டுச் சுற்று. ஒரு தொன் சுமக்கிற வண்டியை 6 மில்லிமீற்றர் புரியில் தொங்கவிட்டு எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு பிழையும் இருந்தது, அதை அப்பாதான் பிடித்தார். ரிம்மின் ஓட்டை வாய் புனல் மாதிரிச் சரிந்திருக்கிறது, அதற்குக் கூம்பு நட்டுத்தான் போட வேண்டும். இவர்கள் போட்டது தட்டை வொஷர் வைத்த நட்டு, ரொயோட்டாவின் அசல் அலோய்க்கு வருவது. கூம்பு வாயில் தட்டை நட்டு இருந்தால் விளிம்பில் மட்டும்தான் தொடும். சில்லைக் கழற்றியபோது அந்த விளிம்பு முழுக்கப் புதிதாகச் செதுக்கியது போல மினுங்கிக்கொண்டிருந்தது, இரண்டு ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. வவுனியா தாண்டியதிலிருந்து ஸ்ரேரிங் கையில் நடுங்கிக்கொண்டுதான் வந்தது. "முதல் கொஞ்சத் தூரம் நடுங்கும், ஊருக்குப் போய் ஒருக்கா வீல் பலன்ஸ் செய்யுங்கோ" என்று கடையில் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பித்தான் நான் ஓட்டினேன்.

பழைய இரும்பு ரிம் நான்கும் ரயரோடு பெட்டியிலேயே கிடந்தன. கடைக்காரர் ஒன்று நாலாயிரம் ரூபாய்க்குக் கேட்டார், அப்பா மாட்டேன் என்று ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சரி, மாற்றிவிடலாம் என்று பார்த்தால் நட்டு இல்லை. இரும்பு ரிம்முக்கும் கூம்பு நட்டு வேண்டும், எங்களுடைய பழைய நட்டுகளை "துருப்பிடிச்சது" என்று கடையிலேயே எறிந்துவிட்டார்கள். கடைசியில் கிளிநொச்சியிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவர் 24 நட்டையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். மூன்று மணித்தியாலம் கோவிலடி மரநிழலில் இருந்தோம். அப்பாவுக்கு 71 வயது. அவ்வளவு நேரமும் அவர் ஒன்றும் பேசவில்லை, அந்தத் தளர்ந்த நட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்தே கடைக்கு அழைத்தேன். முதலில் "நீங்கள் வேகமா ஓடியிருப்பியள்" என்றார்கள். ஸ்பேசர் படத்தை அனுப்பியதும் "அது எல்லாரும் போடுறதுதானே" என்றார்கள். பில்லில் இருப்பது ‘அலோய் வீல் 4 – 185,000’ என்ற ஒரு வரி மட்டும். ஸ்பேசர் என்ற சொல்லே இல்லை, அசல் என்ற சொல்லும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அனுபவமான ஒருவரிடம் ரிம்மைக் காட்டினோம். முதுகில் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பான் தர முத்திரை மட்டும் வார்த்திருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை, எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண் இல்லை. அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சில் வைத்து வார்க்கலாம், பாரம் ஏற்றுகிற வண்டிக்கு இதைப் போடவே கூடாது என்றார் அவர். கடை கடைசியாகத் தர வந்தது அறுபதாயிரம். நான் வாங்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லி, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

பழைய வண்டிக்கு ரிம் வாங்கப் போகிறவர்களே, முகத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். கவிழ்த்து வைத்து முதுகை வாசியுங்கள்: ஒஃப்செற், பாரம், செய்தவர் பெயர். பூட்டும்போது தேத்தண்ணிக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நட்டைக் கையால் ஏற்றச் சொல்லி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், எட்டுக்குக் குறைந்தால் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். ஸ்ரேரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பாருங்கள். காற்றுத் துவக்கால் அடித்துவிட்டால் போதும் என்பார்கள், இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோர்க் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள், இந்த ஸ்ரட்டுக்குச் சுமார் 110 நியூட்டன் மீற்றர். நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தித் திரும்பவும் பாருங்கள். உங்கள் பழைய நட்டுகளை ஒன்று விடாமல் கேட்டு வாங்கி வாருங்கள்.

எங்கள் வண்டி இப்போது பழைய இரும்பு ரிம்மில் நிற்கிறது, சுரண்டிப் பூசியிருக்கிறோம். ஆனால் பூட்டிய அன்றைக்குக் கடை வாசலில் எடுத்த படத்தை அவர்கள் இன்னமும் விளம்பரத்துக்குப் போடுகிறார்கள். எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். கரும்பச்சை ஹைலக்ஸ் ஒன்று கறுப்பு அலோயோடு நிற்கிற படத்தைக் கண்டால், அது எங்களுடையது. அதில் தெரிகிற முன் இடப்பக்கச் சில்லுத்தான் முறிகண்டியில் ஐந்து நட்டோடு நின்றது.