கடலோர நிலத்தைக் காக்கக் கல்சுவரா, மணல்மேடா?

பக்கத்து நிலத்துக்காரர் கருங்கல் சுவர் எழுப்பினார். நாங்கள் மணலைக் கொட்டி மேடாக்கி, மேலே அடம்பங்கொடி நட்டோம். இரண்டும் ஒரே கடலுக்கு எதிராகத்தான். நான் மணல் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவரின் நன்மை தெரிந்ததுதான். கட்டிய அன்றிலிருந்து காக்கும், இடமும் அதிகம் பிடிக்காது. 1900 புயலில் சின்னாபின்னமான அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரம், 1915 புயலில் தப்பியது சுவரால்தான். ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த மணற்கரை தேய்ந்துபோய், பிற்காலத்தில் அங்கேயும் மணல் கொட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த வேகம் சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலைப் பறித்துக்கொண்டு போகிறது. போன புயலுக்கு அப்புறம் கடல் வற்றியிருந்த நேரம் போய்ப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் சுவர் நேராக நிற்கிறது. அடிவரிசைக் கல்லுக்குக் கீழே கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. சுவர் முடிகிற இடத்தில் கரை பிறைபோல உள்வாங்கியிருந்தது.

எங்கள் மேடும் தப்பவில்லை. பாதி மேடு செங்குத்தாக அறுந்து, கொடியின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் போன மணலில் பெரும்பகுதி சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் படிகிறது. அடுத்த அலைகள் அங்கேயே உடைந்து வலுவிழக்கின்றன. கடல் அடங்கிய நாட்களில் தணிந்த, நீண்ட அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்புகின்றன. சில வாரங்களில் சரிவு மறுபடி தெரிந்தது.

எல்லா மணலும் திரும்பாது. கரையோர நீரோட்டம் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். மறுபடி கொட்டத்தான் வேண்டும். கொட்டும் மணல் கரையிலுள்ளதைவிடப் பொடியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். நெதர்லாந்து இதைத் தெரிந்தே ஆண்டுதோறும் கொட்டுகிறது. 2011இல் ஹேக் நகருக்கு அருகே 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் அதைப் பரப்பட்டும் என்று விட்டார்கள்.

நாங்கள் பார்த்தது நடுத்தரப் புயல் ஒன்றுதான். கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் வேளையில் புயல் நீர் மேட்டையே தாண்டினால் தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். துறைமுக அலைதடுப்புச் சுவர் மணல் வரத்தை மறிக்கிற கரை என்றால் நானும் தயங்குவேன்.

மேட்டின் அடியில் ஒரு மூங்கில் கழி நட்டிருக்கிறேன். ஒவ்வொரு அமாவாசை ஏற்றம் முடிந்ததும் எத்தனை சாண் வெளியே தெரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். சுவரின் அடியைப் பார்க்க, கடல் நன்றாக வற்றும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.