ரவுட்டருக்கு ஆன்டெனா வாங்கும் முன், நடுவில் பின் இருக்கிறதா ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு குறுகலான மனையில் இரண்டு மாடி ஏறிய வீடு. ரவுட்டர் கீழே ஹாலில். போன மாதம் அது அலமாரியிலிருந்து விழுந்து ஓர் ஆன்டெனாவின் கழுத்து உடைந்துவிட்டது. கழற்றி மாட்டுகிற வகைதான், புதிதாக ஒரு ஜோடி வாங்கினால் சரியாகிவிடும் என்று ரவுட்டரோடு பக்கத்துக் கடைக்குப் போனேன். 700 ரூபாய் கொடுத்து, நல்லா இருந்த ரவுட்டரையும் கெடுத்துக்கொண்டு வந்தேன்.

"12 டிபிஐண்ணா, மொட்டை மாடி வரைக்கும் இழுக்கும்" என்றார் கடைக்காரர். டிபிஐ என்பது ஆன்டெனா அலையை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதற்கான அளவு. ஒரு முழ நீளத்துக்கு இரண்டு ஆன்டெனா. பாக்கெட்டில் டூயல் பேண்ட், அதாவது வைஃபையின் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஆகும், என்று போட்டிருந்தது. மாட்டும்போது பாதியிலேயே இறுகி நின்றது. "புதுசுண்ணா, அப்படித்தான் டைட்டா இருக்கும்" என்று கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கினார். அங்கேயே கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். விரலால் திருகினாலே முழுதாக உட்கார வேண்டிய சாமான் அது.

வீட்டுக்கு வந்து போட்டால், ஹாலில் மட்டும் சிக்னல். படிக்கட்டு ஏறியதும் 5 ஜிகாஹெர்ட்ஸ் காணோம், 2.4 ஒரு கோடு. மேலே படித்துக்கொண்டிருந்த மகள் போனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் ரவுட்டரில் ஆன்டெனா மாட்டும் இடத்தில் வெளிப்பக்கம் மரை, நடுவில் மெல்லிய பின். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கான ஆன்டெனாவில் மரை உள்பக்கமும் நடுவில் ஓட்டையும் இருக்கும். இந்த வகை இணைப்புக்குப் பெயர் ஆர்பி-எஸ்எம்ஏ, அப்படிக் கேட்டு வாங்க வேண்டும். அவர் கொடுத்தது வெறும் எஸ்எம்ஏ, அதிலும் நடுவில் பின். இரண்டுக்கும் மரை ஒன்றுதான், அதனால் திருகினால் ஏறத் தொடங்கிவிடும். பின்னும் பின்னும் முட்டியதில் ரவுட்டரில் ஒரு பின் சாய்ந்து கிடந்தது, இன்னொன்று உள்ளே போயே விட்டது.

சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதே ஏமாற்றம் தலைகீழாக வரும். அவற்றில் பலவற்றுக்கு எஸ்எம்ஏதான் பொருந்தும். அதில் வைஃபை ஆன்டெனாவை மாட்டினால் இரண்டு பக்கமும் ஓட்டை. ஜம்மென்று உட்காரும், உள்ளே ஒன்றோடொன்று தொடவே தொடாது.

அப்புறம் அந்த ஆன்டெனாவின் பிளாஸ்டிக் உறையை உருவிப் பார்த்தேன். அடியில் ஒரு பித்தளைக் குழாய், அதற்கு மேல் சுமார் 3 சென்டிமீட்டர் கம்பி. மிச்சம் அத்தனையும் காலி. 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு அவ்வளவு கம்பி போதும்தான், ஆனால் 12 டிபிஐ என்பது பச்சைப் பொய். எல்லாப் பக்கமும் பரப்புகிற ஆன்டெனாவில் நிஜமாகவே அவ்வளவு வேண்டுமென்றால் ஓர் ஆள் இடுப்பளவு உயரம் வேண்டும். அப்படியே இருந்தாலும் எங்களுக்கு உதவாது. டிபிஐ ஏற ஏற அலை பக்கவாட்டில்தான் தூரம் போகும், மேல்மாடிக்கு ஏறுவது குறையும். மாடி வீட்டுக்காரர்களிடம் அந்த டிபிஐயைச் சொல்லியே விற்பதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். "பழைய ரவுட்டர்ணா, முன்னாடியே போயிருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில் வாங்கவில்லை, அதனால் பேச என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. நீங்கள் பில்லில் ஆர்பி-எஸ்எம்ஏ, டூயல் பேண்ட் என்று எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அது கையில் இருக்கும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் 600 ரூபாய்க்கு இரண்டு இணைப்பையும் மாற்றிக் கொடுத்தார். வேறு கடையில், ஓட்டையைக் கண்ணால் பார்த்து, சின்ன ஆன்டெனா ஒரு ஜோடி வாங்கினேன். இப்போது மாடியில் பழையபடி வருகிறது. முதல் கடையில் அதே 12 டிபிஐ பாக்கெட்டுகள் இன்னும் வாசலில் தொங்குகின்றன, நேற்றும் பார்த்தேன்.