தென்காசிக்கு எண் இல்லை

மகப்பேறு உரிமைக்காக இயங்கும் ஓர் அமைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழி ஒருவர், "குடும்ப நல ஆய்வுத் தரவை நம்பி இறங்கலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்து உடல்நலம், பிரசவம் பற்றிக் கேட்டு மத்திய அரசு நடத்தும் இந்தத் தேசிய குடும்ப நல ஆய்வு எத்தனை சுற்று நடந்தது என்பதெல்லாம் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மாவட்ட எண்களின் சுருக்கமான தகவல் தாளோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவரின் விடையும் தனித்தனியே இருக்கும் தனிநபர் அளவிலான கோப்புகளை இறக்கிப் பல ஆண்டுகளாகப் புழங்கி வருகிறேன். அந்தக் கோப்புகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என்னை இந்தத் தரவோடு கட்டிப்போட்டது ஒரே ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 2015-16 ஆய்வில் 34.1 சதவீதம்; 2019-21 ஆய்வில் 44.9. இதே 2019-21 ஆய்வில் தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்த எண்களோடு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மருத்துவர்களிடமிருந்து முதலில் வரும் பதில், "கடைசி நேரத்தில் சிக்கல் என்றால் அறுக்காமல் என்ன செய்வது?" என்பதுதான். நியாயமான பதில். ஆனால் வினாத்தாளைத் தயாரித்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை என்ற முடிவு வலி வருமுன் எடுக்கப்பட்டதா, வந்த பிறகா என்று தாயிடமே கேட்டிருக்கிறார்கள்.

வலி வருமுன் எடுத்த முடிவெல்லாம் தேவையற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முந்தைய சிசேரியன், குழந்தை தலைகீழாகத் திரும்பாதது, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது என்று சரியான காரணங்கள் பல உண்டு. இருந்தாலும், "கடைசி நேரம்" என்ற பொதுப் பதிலை அந்த ஒரு கேள்வி இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அரசு, தனியார் என்று பிரித்து, முதல் பிரசவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பேச்சின் போக்கே மாறும். ஒரு பைசா செலவில்லாமல் இப்படி ஒரு கருவி கிடைப்பது பெரிய விஷயம்.

இன்னொரு நிம்மதி, கோப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள மாறிகளின் பெயர்கள் சுற்றுக்குச் சுற்று மாறுவதில்லை. சிசேரியனுக்கு எம்17 என்றால் இதே வகை ஆய்வு நடக்கும் எந்த நாட்டின் கோப்பிலும் எம்17தான். ஒருவரின் விடை சராசரியில் எவ்வளவு கணக்காகும் என்று சொல்லும் மாதிரி எடைக்கு வி005, அதைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். போன சுற்றுக்கு எழுதிய கணினி நிரலில் சில வரிகளை மாற்றினாலே அடுத்த சுற்றுக்கு ஓடிவிடும்.

இனி கோபம். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகிய புதிய மாவட்டங்கள் பிறந்தன. 2020இல் மயிலாடுதுறை. ஐந்தாம் சுற்றான 2019-21 ஆய்வின் களப்பணி தமிழ்நாட்டுக்கு வந்தது 2020இல். ஊரடங்கில் நின்று பிறகு தொடர்ந்தது. ஆனால் மாவட்டப் பட்டியல் 2017 மார்ச் 31 அன்று இருந்தபடி நாடு முழுக்க 707 என்று உறைந்துவிட்டது. எனவே களப்பணியாளர் தென்காசி மாவட்டத்துக்குள் நின்று கேட்ட கேள்விக்கான விடை, திருநெல்வேலி என்ற பெயரில்தான் கோப்பில் கிடக்கிறது. பழைய காஞ்சிபுரம் இன்னும் மோசம். பல்லாவரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் பெண்ணும் உத்திரமேரூர்ப் பக்கம் நடவுக்குப் போகும் பெண்ணும் சேர்ந்து ஒரே சராசரி. அந்தச் சராசரியில் இரண்டு பேருமே இல்லை.

புதிய மாவட்டம் ஒன்றில் மனுவோடு போனபோது, "இது எங்கள் மாவட்டத்து எண் இல்லையே" என்று அதிகாரி தாளைத் திருப்பி வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. அதனால்தான் ஆற்றாமை அதிகம்.

ஆய்வுக் கொத்துகளின், அதாவது மாதிரிக்கு எடுத்த ஊர், தெருப் பகுதிகளின், இருப்பிடக் குறிப்புகளைத் தனியே விண்ணப்பித்து வாங்கி, வரைபடத்தில் வைத்துப் புதிய எல்லைப்படி பிரிக்கலாமே என்று தோன்றும். பதிலளித்தவர்களின் அடையாளம் வெளியாகாமல் இருக்க, நகர்ப்புறப் புள்ளிகளை இரண்டு கிலோமீட்டர் வரையிலும், கிராமப்புறப் புள்ளிகளை ஐந்து கிலோமீட்டர் வரையிலும், அவற்றில் நூற்றில் ஒன்றைப் பத்து கிலோமீட்டர் வரையிலும் வேண்டுமென்றே நகர்த்தியிருப்பார்கள். அந்தப் பாதுகாப்பு அவசியம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புதிய எல்லையை ஒட்டிய ஊர் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. தப்பித்தவறிப் பிரித்துவிட்டாலும், மிஞ்சும் பிரசவங்களின் எண்ணிக்கை சிறுத்துவிடும். தகவல் தாளில் 25 முதல் 49 பேரை வைத்துக் கணக்கிட்ட எண்ணுக்கு அடைப்புக்குறி. 25 பேருக்குக் கீழே என்றால் எண்ணே இல்லை, வெறும் நட்சத்திரக்குறி. தனியார் மருத்துவமனைப் பிரசவம், முதல் குழந்தை, வலி வருமுன் முடிவு என்று சலிக்கச் சலிக்க அந்த நட்சத்திரத்தில்தான் போய் முட்டுகிறோம்.

எல்லையை எங்காவது ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாதிரியே எடுக்க முடியாது என்பது புரிகிறது. பழைய சுற்றோடு ஒப்பிடவும் அந்த நிலைத்தன்மை வேண்டும். ஆனால் திட்டமும் நிதியும் ஆய்வுக்கூட்டமும் புதிய மாவட்டப்படி நடக்கும்போது, சான்று மட்டும் பழைய மாவட்டத்திலேயே தங்கிவிடுகிறது.

மாதந்தோறும் மருத்துவமனைகள் அனுப்பும் எச்எம்ஐஎஸ் (அரசின் சுகாதாரத் தகவல் பதிவு) எண்கள் புதிய மாவட்டப்படி கிடைக்கின்றன. அங்கே கணக்கு பிரசவம் நடந்த இடத்தைப் பொறுத்தது. கடையநல்லூர்ப் பெண் பாளையங்கோட்டையில் பிள்ளை பெற்றால் அது திருநெல்வேலிக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது என்ன சொல்கிறது என்று எழுதிக்காட்டுவதைத் தவிர நான் வேறு வழி காணவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நிதி நின்றபோது, பல நாடுகளின் இத்தகைய ஆய்வுகளுக்குத் துணைநின்று இந்தக் கோப்புகளைத் தரும் டிஎச்எஸ் திட்டமும் நின்றது. புதிதாக அனுமதி கேட்டவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அனுமதி கையில் இருக்கும்போதே விதிமுறைப்படி இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மாநில அளவில் வாதாடுபவருக்கு இதைவிட நல்ல தரவு நம்மிடம் இல்லை. இவ்வளவு புகழ்ந்தும் ஐந்துக்கு இரண்டுதான் தருகிறேன். நான் வேலை செய்வது மாவட்டங்களில். அங்கே இது என் கையை விட்டுவிடுகிறது.